டிலியா சொன்ன காற்று

செப்டம்பர் 8, திங்கள்

இந்த நோட்டு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. அட்டையில் ஒரு நுரையீரல் சிரித்துக்கொண்டிருக்கிறது. இதில் நான் எழுதப்போவது இரண்டே விஷயம்தான். படகு ஓடியதா இல்லையா. அதை யார் முன்கூட்டியே சரியாகச் சொன்னார்கள். மனசில் இருப்பதைக் கொட்டுகிற டைரி அல்ல இது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

காரணம், போன வெள்ளிக்கிழமை. கரைக்குப் போய் ரூபனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பையைக் கட்டினேன். போனில் வெயில் படம் போட்டிருந்தது. தன் கடை வாசலில் நின்ற கடைக்காரம்மா டிலியா, "படகு வராதுட்டி. பூனை அடுப்புக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படகுத்துறையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். படகு வரவில்லை. திரும்பும்போது மழையும் பிடித்துக்கொண்டது. டிலியா ஒன்றும் சொல்லாமல் துண்டை மட்டும் நீட்டினார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

நான் நர்ஸ். அளந்து பார்த்ததைத்தான் நம்புவேன். ஆகவே இந்தத் தீவுக்காரர்களின் பூனையையும் கழுதையையும் ஒரு மாதம் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

யாராவது எடுத்துப் படித்தால் விளங்க வேண்டுமே. நான் எப்சிபா, பாளையங்கோட்டைக்காரி. அயர்லாந்தின் மேற்குக் கடலில் நூற்று நாற்பது பேர் இருக்கும் இனிஷ்கோரா தீவுக்கு ஒரே நர்ஸ். என் வீட்டுக்காரர் ரூபன் கரையில், கால்வே நகரத்தில், ஓட்டல் ஒன்றில் சமையல். வாரத்தில் மூன்று நாள் படகு: திங்கள், புதன், வெள்ளி. அக்டோபர் பத்தாம் தேதி எனக்குப் பதில் ஆள் வருகிறாள். அன்றைய படகில் நான் பிரசவத்துக்கு லீவில் போகிறேன். இன்றோடு இருபத்தொன்பது வாரம்.

இங்கே யார் எந்த மொழியில் பேசினாலும் நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுவேன். என் நோட்டு, என் இஷ்டம்.

படகு ஓடியது. யாரும் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

டிலியாவுக்கு அறுபத்திரண்டு வயது. தீவின் ஒரே கடையும் தபாலாபீசும் அவர்தான். இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். வாரம் மூன்று தடவை நான் போய்க் கட்டு மாற்றுகிறேன். காலை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று, "மலை கிட்ட வந்துட்டு" என்றார். கடலுக்கு அப்பால் கரையில் ஒரு மலை உண்டு. பாதி நாள் அது பஞ்சுக்குள் வைத்தது மாதிரி மங்கலாகக் கிடக்கும். இன்று ஒவ்வொரு பாறையும் தெரிந்தது. நான் அழகாக இருக்கிறது என்றேன். "அழகாத் தெரிஞ்சா மழைட்டி. தூரத்துல மங்கலா நின்னாத்தான் நமக்கு நல்லது."

நாலு மணிக்கு மழை. போனில் மேகம்கூடப் போட்டிருக்கவில்லை.

டிலியா 1, போன் 0.

செப்டம்பர் 12, வெள்ளி

படகோட்டி கோல்மனிடம் ஒரு கழுதை இருக்கிறது. மேற்கே காற்று கிளம்புவதற்கு முன்னால் அது கடலுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு சுவரோரமாய் நின்றுவிடுமாம். "அது திரும்பி நின்னா நான் படகுக்கு ரெண்டாவது கயிறும் போட்டுருவேன் நர்ஸம்மா" என்றார். ஒரு கழுதையின் பின்புறத்தை நம்பி ஒரு தீவே போக்குவரத்து நடத்துகிறது.

ஊரில் எங்கள் அம்மாவும் தும்பி தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டை தூக்கினால் மழை என்பாள். அவள் சொல்லி மழை பெய்ததைவிடக் காயாத துணியை எடுத்து மடித்துவைத்ததுதான் அதிகம்.

கழுதை இன்று சாதாரணமாக மேய்ந்தது. படகு ஓடியது. சரிதான்.

மோதிரத்தைக் கழற்றிச் சங்கிலியில் கோத்துவிட்டேன். கை கழுவும்போது இடைஞ்சல். சோப்புப் போட்டும் சுலபத்தில் வரவில்லை, ஈரக்காற்று.

செப்டம்பர் 15, திங்கள்

முப்பது வாரம். படகு ஓடியது.

செப்டம்பர் 17, புதன்

எனக்கு இன்று கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் செக்கப். திங்கட்கிழமை கட்டு மாற்றும்போதே டிலியா வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து கரி உதிர்ந்து அடுப்பு முன்னால் விழுந்தது. "ரெண்டு நாள்ல பெரிய காத்து" என்றார். அப்படியே ஆயிற்று. அலை படகுத்துறைச் சுவரைத் தாண்டி அடித்தது. கோல்மன் கையை விரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வர முடியாது என்றேன். அடுத்த புதனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. மத்தியானம் மீன் குழம்பு வைத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். இந்த மாசத்தில் இவ்வளவு நல்ல தூக்கம் கிடையாது.

சாயங்காலம் ரூபன் கூப்பிட்டார். "காத்தக் கொறை சொல்லி என்ன செய்ய. நீயே பிரஷர் பாத்துக்கிடுதேல்லா? தெனமும்?"

"ம்."

"அந்தச் சின்ன மாத்திர?"

"அது போட்டாச்சு."

பிரஷர் ஏறாமலிருக்கக் கொடுத்த மாத்திரை, தினமும் தவறாமல் போடுகிறேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

டிலியா 4, போன் 2.

செப்டம்பர் 19, வெள்ளி

படகு ஓடியது. கழுதை மேய்ந்தது. குட்டைச் சுவர்களில் இருந்த சிலந்திவலை எல்லாம் பனியில் நனைந்து அப்படியே இருந்தது. சிலந்தி வலையைச் சுருட்டாவிட்டால் நல்ல நாள் என்று தீவில் கணக்கு. நல்ல நாள்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

முப்பத்தொன்று.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மா வீடியோவில் வந்தாள். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏளா, மொகம் ஏன் இப்பிடி உப்பிக் கெடக்கு?"

"போனைக் கிட்ட வச்சிருக்கேம்மா."

"கண்ணுக்கு அடியில வீங்கியிருக்கு. தள்ளி வச்சுக் காட்டு."

தள்ளி வைத்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வேறு ஏதோ பேசினாள், பக்கத்து வீட்டில் முருங்கை ஒடிந்து விழுந்ததைப் பற்றி. வைக்கும் முன்னால், "போன தடவையும் நீ ஒண்ணுமில்லன்னுதான் சொன்ன" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று வானிலை பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24, புதன்

மறுபடி செக்கப் நாள். காலையில் கடல் சாதுவாக இருந்தது. ஒரு நாரை, தண்ணீரை விட்டுவிட்டுத் தீவின் உள்பக்கமாகப் பறந்து போனது. டிலியா அதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள காத்து வரும். போற படகு போயிரும். வார படகுக்கு ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நான் இரண்டு நாள் கரையில் மாட்டிக்கொண்டால் இங்கே கட்டு யார் மாற்றுவது, இன்சுலின் யார் போடுவது? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அக்டோபர் எட்டாம் தேதி கொடுத்தார்கள்.

பத்து மணிக்கு டிலியா கடைக்குக் கட்டு மாற்றப் போனேன். "நீ போவலியா?" என்று கேட்டார்.

"நீங்கதான காத்து வரும்னு சொன்னீங்க."

டிலியா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

ஐந்து மணிக்குக் காற்று வந்தது. சொன்னபடியேதான். போயிருந்தால் நன்றாக மாட்டிக்கொண்டிருப்பேன்.

டிலியா 7, போன் 4. இனி போனைப் பார்ப்பதாக இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காற்று இன்னும் அடங்கவில்லை. டிலியாவுக்குக் கட்டு மாற்றி, பிரஷர் பார்த்தேன். 126/74. "குமரிப் பொண்ணு பிரஷர்" என்றேன். சிரித்தார்.

அப்போது போன் அடித்தது. மாதத்துக்கு ஒரு புதன்கிழமை தீவுக்கு வரும் டாக்டர். நான் இரண்டு செக்கப்புக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி இருக்கிறாய், தலைவலி உண்டா, கால் வீக்கம் உண்டா, கடைசியாய்ப் பார்த்த பிரஷர் என்ன என்று அடுக்கினார். இல்லை, இல்லை என்றேன். பிரஷர் 126/74 என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். நர்ஸுகளிடம் பேசுவதே ஒரு நிம்மதி என்றார். எட்டாம் தேதி தானே வந்து பார்த்து, என்னைப் படகில் ஏற்றிவிட்டுப் போவதாகச் சொன்னார்.

டிலியா கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். பிரஷர் பட்டையை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

முப்பத்திரண்டு. போன தடவை இந்த எண்ணை நான் பார்க்கவில்லை.

எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன், எழுதினால் தலைவலி குறைகிறதா பார்க்கலாம். இரண்டு நாளாக நெற்றிப் பொட்டில் ஒரு இடி. காற்றழுத்தம் மாறினால் இங்கே பலருக்கும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், டப்ளினில் வேலை பார்த்த வார்டிலேயே டூட்டிக்கு நடுவில் லேசாகத் தலை சுற்றியது. அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோன பிரஷர் கருவியை விளையாட்டாக என் கையில் கட்டிப் பார்த்தேன். 182/118. அந்த எண்ணைப் படிக்கும்வரை நான் நன்றாகத்தான் இருந்தேன். படித்த பிறகு எல்லாரும் ஓடினார்கள், என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள், லைட்டுகள் தலைக்கு மேலே ஓடின. மறுநாள் காலை ஒரு டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையின் முகத்துக்கு அம்மா பின்னி அனுப்பிய மஞ்சள் குல்லா எடுப்பாக இருந்திருக்கும். நான் போட்டுப் பார்க்கவில்லை. இங்கே இழுப்பறையில் இருக்கிறது.

அளக்காதவரைக்கும் எண் கிடையாது. இதை எந்த நோயாளியாவது என்னிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பேன்.

தலைவலி குறையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. படகு ஓடியது.

அக்டோபர் 1, புதன்

என் ஷூ எதுவும் நுழையவில்லை. ரூபன் விட்டுப்போன ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தீவுக்காரர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதானாலும் இங்கே முதலில் கடவுள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். பெரும்பாலும் ஒன்றுமே சொல்வதில்லை. நமக்கும் அது சௌகரியம்.

டிலியா வீட்டு அடுப்பில் கரிக்கட்டி நீலமாக எரிந்தது. காற்று என்றார். இரவிலேயே வந்து இறங்கிவிட்டது. டிலியா 10.

கண்ணோரத்தில் அவ்வப்போது மின்மினி பறக்கிறது. இந்த ஊரில் மின்மினி கிடையாது. தூக்கம் போதவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

டிலியாவின் பிரஷரைப் பார்த்து முடித்ததும், "ஒனக்கும் ஒருக்கா கட்டிப் பாரேன், கருவிதான் கைல இருக்கே" என்றார்.

"காலைலயே பாத்துட்டேன் டிலியா."

"எவ்வளவு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குங்கது நம்பராட்டி?" என்றார். நான் சிரித்துக்கொண்டே கருவியைப் பைக்குள் போட்டேன்.  

படகு ஓடியது.

அக்டோபர் 5, ஞாயிறு

வலது விலாவுக்குக் கீழே வலி. நேற்றுச் சாப்பிட்ட எலுமிச்சை ஊறுகாயாக இருக்கும். வயிற்றுக்குள் மெல்ல உருளுகிறான் அல்லது உருளுகிறாள். அது மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொண்டே இருந்தேன். அதை எண்ண எனக்குப் பயமில்லை.

ஆண்டவரே, இன்னும் ஐந்து நாள்.

அக்டோபர் 6, திங்கள்

முப்பத்துமூன்று. டிலியாவுக்குக் கட்டு மாற்றினேன். குனிந்து நிமிர்ந்தபோது அறை ஒரு சுற்றுச் சுற்றியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். டிலியா இன்று வானத்தைப் பார்க்கவே இல்லை. மலையைப் பற்றியோ பூனையைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எப்படி?" என்று நானே கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். யோசித்துச் சொல்ல என்ன இருக்கிறது?

போகும்போது என் வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏதோ மசாலா வாங்கி அனுப்பச் சொல்லவாம்.

டிலியா 12-க்கு 12.

அக்டோபர் 7, செவ்வாய்

இதைக் கரையிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதிவிடுகிறேன்.

காலை எட்டரைக்குக் கதவைத் தட்டினார்கள். டிலியா, கூடவே கோல்மன். அந்தப் புண்காலோடு டிலியா என் வீட்டு மேடேறி வந்தது இதுதான் முதல் தடவை.

"பெருங்காத்து வருது" என்றார் டிலியா. "இன்னைக்கு ராத்திரியே. ஒரு வாரத்துக்குப் படகு கெடையாது. நாளைக்கு டாக்டரும் வர மாட்டார்."

"ஒரு வாரமா?"

"கரி கொட்டிருக்கு. பூனை முதுகக் காட்டிட்டு. அடுப்பு நீலமா எரியுது. மலை கிட்ட வந்து நிக்கி. இவன் கழுதையும் திரும்பிட்டு."

கோல்மன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "படகக் கரையில கொண்டுபோய்க் கட்டப் போறேன் நர்ஸம்மா. இப்பமே கெளம்புதேன். வந்தா இப்ப வரணும். இல்லன்னா அடுத்த வாரந்தான்."

ஒரு மாதமாக இந்தக் குறிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒன்று தெரியும், அபூர்வமாக இரண்டு. எல்லாம் ஒரே காலையில் சேர்ந்து வந்ததே இல்லை.  ஒரு வாரம் படகும் டாக்டரும் இல்லாமல் இந்தத் தலைவலியோடு நான் ஒருத்தி. எட்டாம் தேதி போகலாம், பத்தாம் தேதி போகலாம் என்று தள்ளிப்போடுவதற்கு ஒரு தேதி இருந்தவரை தைரியமாக இருந்தேன். இன்று அந்தத் தேதிகளே இல்லாமல் போயிற்று.

போனை எடுத்துப் பார்த்தேன். ஏழு நாளும் வெயில் படம். 12-க்கு 12 வாங்கின டிலியா எங்கே, இது எங்கே என்று பைக்குள் போட்டுவிட்டேன்.

"கட்டு? இன்சுலின்?" என்றேன்.

"ஏட்டி, நீ வாரதுக்கு முன்னாடியும் இந்தத் தீவுல காலு இருந்துது. புதுப்பிள்ள வாரவரைக்கும் சமாளிப்போம்" என்றார். அவரே என் பையை எடுத்து அடுக்கினார். இழுப்பறையைத் திறந்து மஞ்சள் குல்லாவை எடுத்தார். என்னைக் கேட்கவில்லை. மடித்து மேலாக வைத்து ஜிப்பை இழுத்தார்.

படகுத்துறைக்குப் போகும் வழியில் கழுதையைப் பார்த்தேன். உண்மைதான், கடலுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சுவரில் கட்டிப் போட்டிருந்தார்கள். அதைக் கட்டிப் போட்டு இதற்கு முன் நான் பார்த்ததில்லை. காற்று அவ்வளவு பெரிது போலும். மலை இருந்த பக்கம் பார்த்தேன். எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் காலையிலிருந்தே எனக்கு எல்லாம் மங்கல்தான், கோல்மன் முகம் உட்பட. ஆகவே என் கண்ணை நம்பவில்லை, டிலியாவை நம்பினேன்.

டிலியா துறையில் நின்று கையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றார்.

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. "இன்னும் ஆரம்பிக்கலியோ?" என்று கேட்டேன். கோல்மன் சுக்கானைப் பிடித்தபடி, "வரும் நர்ஸம்மா, வரும்" என்றார். ஐம்பது நிமிஷமும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கரையில் ரூபன் நின்றுகொண்டிருந்தார், ஓட்டல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல். நான் அவருக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். பக்கத்தில் கதவைத் திறந்தபடி ஒரு டாக்சி. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. "எப்சி" என்றார். பையை வாங்கி டாக்சிக்குள் வைத்தார். 

அக்டோபர் 8, புதன்

174/116. நான் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரூபனைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

கையில் சொட்டு மருந்து ஏறுகிறது. பிள்ளையின் நுரையீரல் முதிர எனக்கு இரண்டு ஊசி. ஒன்று நேற்றுப் போட்டார்கள், ஒன்று இன்று. நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். ரூபன் போதும் என்று கையைக் காட்டினார். அதே லைட்டுகள், அதே வாசனை. உருளுகிறது. இன்னும் உருளுகிறது.

ஜன்னல் வழியே மரக்கிளை தெரிகிறது. ஒரு இலை அசையவில்லை. மத்தியானம்வரை பார்த்தேன்.

"காத்து எங்க?" என்று ரூபனைக் கேட்டேன்.

"எந்தக் காத்து?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "டிலியா நேத்து வெள்ளனே போன் போட்டாவ. நீ என்ன சொன்னாலும் கேக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு மட்டுந்தான் சொன்னாவ. காத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அக்டோபர் 10, வெள்ளி

நேற்றுக் காலை 11.20. பெண். 1640 கிராம். அழுதாள். நான் கேட்டேன், என் காதாலேயே கேட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூச்சை அவளே விடுகிறாள். மஞ்சள் குல்லா இறங்கிக் கண்ணையும் மூக்கையும் மறைக்கிறது. ரூபன் அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

இன்று என் லீவு நாள். படகு ஓடியிருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

டிலியாவுக்குப் போன் போட்டேன். முதலில் கடவுள் பெயரைச் சொன்னார், அப்புறம்தான் பிள்ளையை விசாரித்தார். எடை, மூச்சு, பால் எல்லாம் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒங்களுக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு போட்டு வச்சிருந்தேன்" என்றேன். "பதிமூணாவதுல தோத்துட்டீங்க. ஒரு இலைகூட அசையல."

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன்."

"நேராச் சொல்லியிருக்கலாம்லா டிலியா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு."

"கேட்டேன்லா. காலைலயே பாத்துட்டேன்ன. நல்லா இருக்குன்ன. டாக்டர்ட்ட நூத்து இருவத்தாறு, எழுவத்துநாலுன்ன. ஏட்டி, அது என் நம்பரு. என் கைல பட்டைய அவுக்கக்கூட இல்ல, என் நம்பர எடுத்து அந்த மனுசன்ட்டக் குடுக்க."

 அவமானத்தில் காது சுட்டது. அந்தப் பக்கம் கடை மணி அடித்து யாரோ உள்ளே வருவதும், டிலியா அவரைக் கொஞ்சம் பொறு என்று அதட்டுவதும் கேட்டது.

"நான் காத்துன்னு சொன்னத வச்சுத்தான் நீ அன்னைக்கு ஆஸ்பத்திரி போகாம இருந்த" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. என் சொல்லுதான ஒன்ன அங்கனயே கட்டிப் போட்டுது. நீ வேற எதையும் கேக்க மாட்ட, குறியத்தான் கேப்ப. அதான் குறியாலயே அவுத்துவிட்டேன். கோல்மன் பயந்தே போயிட்டான். கழுதையக் கட்டுததுக்குள்ள அவனுக்கு ஒரு ஒத வேற."

சிரித்துவிட்டேன். தையல் இழுத்துக்கொண்டது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியதை அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, புது நர்ஸ் கட்டை இறுக்கிக் கட்டுவதாகக் குறை சொன்னார். புண் ஓரத்தில் ஆறத் தொடங்கியிருக்கிறதாம்.

வைத்த பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமைக்கு டிலியா கணக்கில் தவறு என்று போட வேண்டும். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு வார்டு நர்ஸ் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், சின்னப் பெண், கேரளத்துக்காரி. ஆறு நாளாக அவள் வந்தால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதை அறிந்தவள், இன்றும் பேசாமல் கையைத் தூக்கப் போனாள். கொடு என்று பட்டையை வாங்கி நானே கட்டிக்கொண்டேன்.  பட்டனை அமுக்கினேன். பட்டை இறுகியது, இறுகியது, பிறகு மெல்ல விட்டது. கண்ணை மூடவில்லை.

138/86.

இது என் நம்பர்.